பெடலை அமுக்கு, காதைக் கொடு

முக்கூடலில் பட்டறைக்கு வேலை பழக வரும் தம்பிகளிடம் நான் அதிகம் பேசுவது கிளட்ச் சத்தத்தைப் பற்றித்தான். பிரேக் பழுதென்றால் சக்கரத்தைக் கழற்றியதும் கண்ணுக்குத் தெரிந்துவிடும். கிளட்ச் இருப்பதோ என்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவே, மூடிய பெல் ஹவுசிங்குக்குள். அதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் கியர் பாக்ஸை இறக்க வேண்டும். முன்சக்கர இழுவை வண்டி என்றால் ஆக்ஸிலையும் உருவ வேண்டும். ஆள் கூலியும் சாமான் விலையும் சேர்ந்தால் பெரிய தொகை.

இந்த ஊரில் வாடகைக் கார் ஓட்டுகிறவர் வீட்டிலும் பீடித்தட்டு இருக்கும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிற பெண்கள் இருக்கும் வீடு அது. ஒரு கியர் பாக்ஸை வீணாக இறக்கினால் அந்த வீட்டில் எத்தனை ஆயிரம் பீடி போயிற்று என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு ஸ்பேனரை எடு. நான் கீழே சொல்வதெல்லாம் அதற்காகத்தான்.

1. வண்டிக்காரரை முதலில் பேசவிடு. “அண்ணாச்சி, கிளட்ச்சுல சத்தம் கேக்கு” என்றுதான் வருவார்கள். சத்தம் கேட்கிறது என்பதை நம்பு. அது கிளட்ச்சில்தான் என்பதை நீ சோதிக்கும்வரை நம்பாதே. கால் வைக்கும்போதா, எடுக்கும்போதா? காலையில் முதல் தடவை எடுக்கையிலா, ஓடிச் சூடான பிறகா? இதற்கு முன் யாராவது கியர் பாக்ஸை இறக்கியிருக்கிறார்களா? வண்டி எப்போதாவது வெள்ளத்தில் நின்றதா? இவ்வளவையும் கேள். அவர் சொல்லி முடிக்கும்வரை பானெட்டைத் திறக்காதே.

2. முதல் சோதனைக்கு என்ஜின் ஓடவே வேண்டாம். சாவியை அணைத்துவிட்டு பெடலை அடிவரை மெதுவாக அமுக்கி விடு. பலமுறை செய்து பார். அப்போதே ‘கீச்’ என்று கேட்டால், உள்ளே எந்தப் பேரிங்கும் சுற்றவில்லை என்பதை நினைத்துப் பார். சுற்றாத பேரிங் மேல் எப்படிக் குற்றம் சொல்வாய்? பெடல் அச்சில் உள்ள புஷ் காய்ந்திருக்கலாம். கேபிள் உறைக்குள் துரு ஏறியிருக்கலாம். ரிலீஸ் பேரிங்கைத் தள்ளும் ஃபோர்க் உட்கார்ந்து ஆடும் குண்டில் கிரீஸ் வற்றியிருக்கலாம். ஒரு பையனை உள்ளே உட்கார்ந்து அமுக்கச் சொல்லிவிட்டு, நீ முதலில் டேஷ் போர்டுக்குக் கீழே தலையை வைத்துக் கேள், பிறகு பானெட் பக்கம் வந்து கேள். எந்தப் பக்கம் சத்தம் பெரிது என்பதே பாதி விடை. பெடல் புஷ்ஷில் கொஞ்சம் கிரீஸ் வைத்ததும் அடங்கிவிடும் சத்தத்துக்காகக் கிளட்ச் செட்டையே மாற்றிய வண்டிகள் நம் பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கின்றன. கேபிளில் இழைகள் அறுந்து பிசிறு தெரிந்தால் மட்டும் எண்ணெய் விட்டுச் சமாளிக்காதே, கேபிளை மாற்று. நடுவழியில் அறுந்தால் வண்டிக்காரர் குடும்பத்தோடு ரோட்டில் நிற்பார்.

3. இனி என்ஜினை ஓட்டிச் சோதிக்க வேண்டும். கை பிரேக்கை இழு. சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் முட்டுக் கொடு. வண்டிக்கு முன்னால் யாரையும் நிற்கவிடாதே. கிளட்ச் ரிலீஸ் ஆகாமல் கியர் விழுந்தால் வண்டி தானாகப் பாயும். தோளில் கிடக்கும் துண்டை எடுத்து ஆணியில் மாட்டிவிட்டு வா. ஃபேன் பெல்ட் துண்டைப் பிடித்தால் ஆளையும் சேர்த்து இழுக்கும்.

4. இதை மட்டும் மனப்பாடமாக வைத்துக்கொள்: பெடல் எந்த நிலையில் இருக்கிறதோ, அதைப் பொறுத்து உள்ளே சுற்றும் சாமானும் நிற்கும் சாமானும் மாறுகின்றன.

என்ஜின் ஓடுகிறது, கியர் நியூட்ரலில், கால் பெடலில் இல்லை. இப்போது ஃப்ளைவீல், பிரஷர் பிளேட், கிளட்ச் பிளேட், கியர் பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் எல்லாம் ஒட்டிக்கொண்டு ஒரே வேகத்தில் சுற்றுகின்றன. ரிலீஸ் பேரிங்குக்குப் பளு இல்லை. பெடலை அடிவரை அமுக்குகிறாய். இப்போது ரிலீஸ் பேரிங் பிரஷர் பிளேட்டின் விரல்களை அழுத்திக்கொண்டு என்ஜின் வேகத்தில் சுற்றுகிறது. கிளட்ச் பிளேட்டும் இன்புட் ஷாஃப்டும் வேகம் குறைந்து ஓய்கின்றன. பெடலை விடாமல் முதல் கியரைப் போடுகிறாய். சக்கரம் நிற்பதால் இன்புட் ஷாஃப்ட் அசையாமல் நிற்கிறது. கிராங்க் மட்டும் அதன் நுனியைச் சுற்றி ஓடுகிறது.

பேட்டை ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் படித்துவிட்டு வருகிற பிள்ளைகள் கிளட்ச்சை வெட்டிவைத்த மாதிரியில் இதைக் கண்ணாலேயே பார்த்திருப்பார்கள். பார்க்காதவர்கள் பட்டறையில் கிடக்கும் பழைய பிளேட்டையும் ஷாஃப்டையும் கையில் எடுத்துச் சேர்த்துப் பிரித்துப் பார்த்துப் புரிந்துகொள்ளுங்கள். இந்த ஓட்டம் மனசில் பதிந்துவிட்டால் எந்தப் பெயரில் எந்த வண்டி வந்தாலும் நீங்கள் தடுமாற மாட்டீர்கள்.

5. கால் எடுத்திருக்கும்போது வரும் சத்தம், பெடலை அமுக்கியதும் நின்றால், சுற்றுவதை நிறுத்திய சாமானைச் சந்தேகப்படு. அதாவது இன்புட் ஷாஃப்ட் பேரிங், அல்லது கியர் பாக்ஸுக்குள் இன்னொன்று. இது கிளட்ச் சத்தமே இல்லை. கியர் பாக்ஸ் ஆயிலைப் பார். குறைந்திருக்கிறதா, கறுத்திருக்கிறதா, இரும்புத்தூள் மின்னுகிறதா என்று பார்.

ஆனால் இங்கே அவசரப்பட்டுப் பேரிங்கைக் குறை சொல்லிவிடாதே. என்ஜின் சீராகச் சுற்றுவதில்லை, அடி அடியாகத் தள்ளுகிறது. மாருதி 800 மாதிரி மூன்று சிலிண்டர் வண்டியில் கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால் மூன்று அடி. நிமிடத்துக்கு 800 சுற்றில் ஓடினால் நொடிக்கு 20 அடி. நான்கு சிலிண்டர் என்றால் ஏறக்குறைய 27. அந்த அடியில், பளு இல்லாமல் சும்மா சுற்றும் கியர்ப் பற்கள் ஒன்றையொன்று தட்டி ‘கடகட’ என்று லேசாகப் பேசும். ஏசி போட்டு என்ஜின் திணறும்போது இன்னும் கொஞ்சம் பேசும். ஆக்ஸிலரேட்டரைத் தொட்டு வேகத்தைச் சற்றே கூட்டு. தட்டல் அடங்கினால் அது பற்களின் பேச்சு. வண்டிக்காரருக்கு விளக்கிச் சொல்லி அனுப்பிவிடு. வேகம் கூடக்கூட சத்தமும் ‘உய்ங்’ என்று ஏறினால் பேரிங் போய்விட்டது. ஐட்லிங் வேகம் குறைந்துபோய் அதனாலேயே தட்டுகிற வண்டிகளும் உண்டு; அந்த வேகத்தை முதலில் சரி செய்.

6. பெடலில் காலை வைத்து, வெறும் ஆட்டம் (பிளே) தீர்ந்து கடினம் தட்டும் இடம்வரை மட்டும் அமுக்கு. அந்த இடத்தில் ரிலீஸ் பேரிங் விரல்களைத் தொடுகிறது. அங்கே சில்வண்டு மாதிரி ஒரு சத்தம் தொடங்கி, அடிவரை அமுக்கினாலும் நிற்காமல், இன்னும் அழுத்த அழுத்தக் கரகரப்பாக மாறினால் ரிலீஸ் பேரிங்தான். வெளியே கேட்கும் கிளட்ச் சத்தங்களில் அதிகம் வருவது இதுதான். தொடக்கக்காரன் காதுக்கு எளிதாகப் பிடிபடுவதும் இதுதான்.

நேர்மாறாகவும் நடக்கும். கால் இல்லாதபோது ‘கிச் கிச்’ என்று வந்துகொண்டிருந்த சத்தம், காலை லேசாக வைத்ததுமே நின்றுவிடும். பேரிங்கையும் ஃபோர்க்கையும் பிடித்துவைக்கும் கிளிப் தளர்ந்தோ, ஃபோர்க் தேய்ந்தோ, பேரிங் ஆடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். பெடல் பிளே எவ்வளவு என்று அளந்து, அந்த வண்டியின் கையேட்டில் உள்ள அளவோடு ஒப்பிட்டுப் பார். ஹைட்ராலிக் கிளட்ச்சில், கேபிள் கிளட்ச்சைப் போலத் திருகி வைக்கும் அளவு பெரும்பாலும் இருக்காது. பல புது வண்டிகளில் பேரிங்கும் ஸ்லேவ் சிலிண்டரும் ஒரே சாமானாகப் பெல் ஹவுசிங்குக்குள்ளேயே இருக்கும், எப்போதும் விரல்களை லேசாகத் தொட்டபடியே ஓடும். அங்கே பிரேக் ஃப்ளூயிட் குறைகிறதா, பெல் ஹவுசிங்கின் அடியில் ஈரம் தெரிகிறதா என்று பார்.

7. பெடல் அடியில், முதல் கியர் விழுந்திருக்கிறது, வண்டி நிற்கிறது. அப்போது மட்டும் ஒரு ஊளைச் சத்தம். நியூட்ரலில் பெடலை அமுக்கினால் அவ்வளவாக இல்லை. கிராங்கின் நுனியில் இன்புட் ஷாஃப்டைத் தாங்குகிற பைலட் பேரிங்கைச் சந்தேகப்படு. அம்பாசடர் காலத்து ஆட்கள் அதை ஸ்பிகாட் புஷ் என்பார்கள். குறுக்காக என்ஜின் வைத்த வண்டிகளில் சிலவற்றில் இது இருக்கும், பலவற்றில் இருக்காது. இல்லாத சாமானுக்கு எஸ்டிமேட் எழுதிக் கொடுத்து மானத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. எந்த மாடல் என்று பார்த்துவிட்டுப் பேசு.

8. பெடலை அமுக்கியதும் என்ஜின் பக்கத்திலிருந்து ‘டொக்’ என்று ஒரு கனத்த அடி கேட்டால் நின்று யோசி. நீ பெடலை அமுக்கும்போது கிராங்கையே முன்னோக்கித் தள்ளுகிறாய். அந்தத் தள்ளலைத் தாங்குவது கிராங்கின் த்ரஸ்ட் வாஷர். அது தேய்ந்திருந்தால் கிராங்க் முன்னும் பின்னும் நகரும். ஒரு ஆளைப் பெடலை அமுக்கி விடச் சொல்லி, என்ஜினின் முன்பக்கம் கிராங்க் புல்லியைக் கவனி. கண்ணுக்குத் தெரிகிற அளவு உள்ளே வெளியே போய்வந்தால் கிளட்ச் செட் மாற்றி ஒரு பயனும் இல்லை, அது என்ஜின் வேலை. இதைக் கவனிக்காமல் புதுச் செட் போட்டுக் கொடுத்தால் சத்தம் அப்படியே திரும்பி வரும், வண்டிக்காரரும் திரும்பி வருவார்.

9. பெடலைப் பாதி விடும்போது வண்டி உதறுகிறது, கூடவே ‘தடதட’ என்கிறது. இதற்குக் காரணம் பல. பிளேட்டில் ஆயில் பட்டிருக்கலாம். பிளேட்டின் நடுவே உள்ள ஸ்பிரிங்குகள் உடைந்திருக்கலாம். என்ஜின் மவுண்டிங் ரப்பர் கிழிந்திருக்கலாம். மவுண்டிங் வெளியே இருக்கும் சாமான் என்பதால் அதை முதலில் பார்.

ஃப்ளைவீல் வெந்துபோனாலும் வண்டி உதறும். நம் பக்கத்தில் அது வெந்துபோவதற்குச் சாலையும் ஒரு காரணம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குற்றாலச் சாரல் காலத்தில் ஐந்தருவிப் பாதையில் வண்டிகள் வரிசையாக ஊர்ந்து போகின்றன. பாபநாசத்துக்கு மேலே காரையாறு ஏற்றம். செங்கோட்டை தாண்டிக் கேரளத்துக்குப் போகும் மலைப்பாதை. ஏற்றத்தில் நிற்கும் வண்டியைப் பிரேக்கால் பிடிக்காமல் பாதிக் கிளட்ச்சில் பிடித்து நிறுத்துகிறவர்கள் நிறையப் பேர். பிளேட் நழுவி நழுவிச் சூடேறி, ஃப்ளைவீல் முகத்தில் நீலத் தழும்பு விழும். அந்தத் தழும்பு இருக்கும் முகத்தில் புது பிளேட்டை வைத்தாலும் உதறும். ஃப்ளைவீலைக் கடைசல் பட்டறைக்கு அனுப்ப வேண்டுமா என்பதை அப்போதே முடிவு செய். சில புது டீசல் வண்டிகளில் இரண்டு அடுக்கு ஃப்ளைவீல் வரும். அதைக் கடையக் கூடாது.

10. ஓட்டும்போது இடது காலைப் பெடல் மேல் வைத்துக்கொண்டே போகும் பழக்கம் ரிலீஸ் பேரிங்கின் ஆயுளைத் தின்கிறது. பெட்ரோல் என்ஜின் போட்ட பழைய அம்பாசடரில் இது இன்னும் கொடுமை. அதன் ரிலீஸ் பேரிங்குக்குள் உருளும் குண்டுகளே கிடையாது, கார்பன் வளையம்தான். தொட்ட நேரமெல்லாம் தேயும். மாருதி 800, அம்பாசடர் இரண்டின் உற்பத்தியும் 2014-இல் நின்றுபோனது. அவற்றை இன்னும் ஆசையாய் வைத்திருப்பவர்களிடம் இதைப் பொறுமையாகச் சொல். ஓட்டியவரைக் குறை சொல்லும் தொனி வேண்டாம். “அண்ணாச்சி, கால இந்தப் பக்கம் வச்சுக்கிடுங்க” என்று பெடலுக்குப் பக்கத்து இடத்தைக் காட்டினால் போதும்.

11. வெள்ளத்தில் நின்ற வண்டியை வேறு கண்ணோடு பார். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி கரை மீறியபோது திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் எண்ணற்ற வண்டிகள் தண்ணீரில் நின்றன. பெல் ஹவுசிங் தண்ணீர் புகாத பெட்டி இல்லை. உள்ளே போன தண்ணீர் வடிந்த பிறகு, பல நாள் ஓடாமல் நின்ற வண்டியில் பிளேட் துரு பிடித்து ஃப்ளைவீலோடு ஒட்டிக்கொள்கிறது. பெடலை அமுக்கினாலும் கியர் விழாது, விழப் பார்த்தால் ‘கர்ர்ர்’ என்று பற்கள் கத்தும். அதைக் கியர் பாக்ஸ் பழுது என்று சொல்லிவிடாதே. ரிலீஸ் பேரிங் கதை வேறு: உள்ளே சேறு நுழைந்து கிரீஸைக் கெடுத்திருக்கும், ஆனால் அன்றைக்கே கத்தாது. கொஞ்ச காலம் ஓடிய பிறகுதான் சத்தம் தொடங்கும், அதற்குள் வண்டிக்காரர் வெள்ளத்தை மறந்திருப்பார். ஆற்றோரத்து ஊரில் தொழில் செய்கிற நீ மறக்கக் கூடாது. பழைய வண்டி வாங்கப் போகிறவர் உன்னைக் கூட்டிக்கொண்டு போனால், சீட்டுக்கு அடியில் இருக்கும் கார்ப்பெட்டைத் தூக்கி வண்டல் படிந்திருக்கிறதா என்று பார்.

12. காதுக்கு உதவி தேவை. நீளமான ஸ்குரூ டிரைவரின் நுனியைப் பெல் ஹவுசிங்கில் வைத்து, கைப்பிடியைக் காதோரம் ஒட்டிக் கேள். பிறகு கியர் பாக்ஸ் உடம்பில் வை, ஆல்டர்னேட்டரில் வை, ஏசி கம்ப்ரஸரில் வை. சத்தம் பிறக்கும் இடத்தில் கூர்மையாகக் கேட்கும். சுற்றும் எதன் பக்கத்திலும் நுனியைக் கொண்டுபோகாதே. ஓட்டிப் பார்க்கும்போது கண்ணாடியை இறக்கிவிட்டு மதில் ஓரமாகப் போ. ஆலங்குளம் சாலையில் இரண்டு பக்கமும் வெட்டவெளியாக இருக்கும் இடத்தில் சத்தம் சிதறிப் போய்விடும். தெருவில் மதில் அதை உன் காதுக்கே திருப்பி அனுப்பும்.

13. ரிவர்ஸ் போடும்போது கரகரத்தால் உடனே எதையும் முடிவு செய்யாதே. பெடலை அடிவரை அமுக்கி, நாலைந்து நொடி பொறுத்து, பிறகு போடு. சத்தமில்லாமல் விழுந்தால் கிளட்ச் நன்றாக இருக்கிறது, ஓட்டுகிறவருக்குத்தான் அவசரம். பெரும்பாலான வண்டிகளில் ரிவர்ஸுக்கு, கியர் விழுமுன் வேகத்தைச் சமப்படுத்தும் சின்க்ரோ கிடையாது. பொறுத்தும் கரகரத்தால் பிளேட் முழுதாக விடுபடவில்லை. கேபிள் செட்டிங், ஹைட்ராலிக்கில் காற்று, வளைந்த பிளேட் என்று ஒவ்வொன்றாகப் பார்.

14. எல்லாம் சோதித்து, உள்ளேதான் பழுது என்று தெளிந்த பிறகு இறக்கு. வண்டியை ஜாக்கியில் மட்டும் நிறுத்திவிட்டு அடியில் போகாதே, ஸ்டாண்டு கொடு. பெல் ஹவுசிங்குக்குள் இருக்கும் கறுப்புத் தூசியை ஏர் பிடித்து ஊதாதே, வாயாலும் ஊதாதே. பழைய பிளேட்டுகளின் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது. அது நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. ஈரத் துணியால் துடைத்து எடுத்து, துணியைக் கவரில் கட்டிப் போடு. மூக்கை மூடிக்கொள். புகையிலைத் தூசிக்கு நடுவே உட்கார்ந்து இருமும் அம்மாக்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் நீங்கள், தூசியை இலேசாக எண்ண வேண்டாம்.

15. இறக்கிய பிறகு ஒரு சாமானோடு நின்றுவிடாதே. பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்து மாற்றுவதுதான் நியாயம், கூலி ஒன்றுதான். கிராங்கின் பின் ஆயில் சீல் கசிகிறதா என்று பார். கசிந்தால் அதையும் மாற்று, இல்லாவிட்டால் புது பிளேட்டும் ஆயிலில் ஊறும். ஃபோர்க் நுனி தேய்ந்திருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார். இன்புட் ஷாஃப்டின் ஸ்ப்ளைனில் கிரீஸ் மெல்லிய பூச்சாகத்தான் இருக்க வேண்டும். அப்பி வைத்தால் சுற்றும்போது தெறித்து லைனிங்கில் படும். பிளேட்டை டம்மி ஷாஃப்ட் போட்டு நடுவில் நிறுத்து. பிரஷர் பிளேட் போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கு. கியர் பாக்ஸை ஏற்றும்போது அதன் கனம் இன்புட் ஷாஃப்டில் தொங்கக் கூடாது; தொங்கினால் பிளேட்டின் நடு வளைந்து, சத்தத்துக்காக வந்த வண்டிக்குக் கியர் விழாத புது நோய் வரும். கை ஓயும் நேரத்தில் இன்னொருவரைக் கூப்பிடு. அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

16. கழற்றிய பழைய சாமான்களைத் துடைத்து, புதுச் செட் வந்த பெட்டியிலேயே போட்டு, வண்டிக்காரர் கையில் கொடு. கரகரக்கும் பேரிங்கை அவரையே விரலால் சுற்றிப் பார்க்கச் சொல். எதற்குப் பணம் கொடுத்தோம் என்பது அவர் விரலுக்குத் தெரியட்டும். பிறகு அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து ஓட்டிக் காட்டு: நியூட்ரலில், கால் லேசாக வைத்து, அடிவரை அமுக்கி, கியர் போட்டு. புது பிளேட் படியும்வரை, முதல் சில நூறு கிலோமீட்டருக்கு, பாரம் ஏற்றிக்கொண்டு மலை ஏற வேண்டாம் என்று சொல். அது முடிந்ததும் ஒரு தடவை வந்துபோகச் சொல். அப்போது பெடல் பிளேயை அளந்து சரி செய்து கொடு; அந்த வேலைக்குக் கூலி வாங்காதே.